மகா ஓயாவுக்கு வடக்கே: நிபந்தனையற்ற மன்னிப்பு பற்றிய ஒரு மீள்பார்வை

மகா ஓயா கடலில் விழும் இடத்தில் கம்பஹா மாவட்டம் முடிந்து புத்தளம் மாவட்டம் தொடங்குகிறது. தெற்கே நீர்கொழும்பு. வடக்கே வைக்கால், வென்னப்புவ, மாரவில, சிலாபம் என்று கோயிலும் தென்னந்தோப்பும் மாறி மாறி வரும் கரை. அது தலவில், கற்பிட்டி வரை போகிறது. திருச்சபை நிர்வாகத்தில் தென்புறம் கொழும்பு உயர் மறைமாவட்டம், வடபுறம் 1939இல் அமைந்த சிலாபம் மறைமாவட்டம். கலியாணமும் கடற்றொழிலும் இந்த எல்லைகளைப் பார்த்து நடப்பதில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது ஆற்றின் இரு கரையிலும் செத்தவீடு நடந்தது.

அந்த ஒரு கோயிலில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் இறந்தவர்கள் 260க்கு மேல். சீயோனில் பலியானவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள்.

இலங்கைக் கிறிஸ்தவர்களிடையே மன்னிப்பு பற்றி எப்போதும் பிரசங்கம் உண்டு. அது பிரசங்கத்தைத் தாண்டி வீட்டு முற்றத்துக்கு வந்தது அந்த ஏப்ரலில்தான். கிறிஸ்தவன் நிபந்தனை இல்லாமல் மன்னிக்க வேண்டுமா? வேண்டும் என்றால் யாரை, எதற்காக, யாருடைய சார்பில்? முதல் கேள்விக்கு ஆம் என்பதே என் பதில். பின்னுள்ள மூன்றும்தான் கடினமானவை. அவற்றை நாங்கள் போதிய அளவு கேட்கவில்லை என்பதற்குப் புத்தளம் கரையே சாட்சி.

தாக்குதலுக்குப் பின் வெகு சீக்கிரத்திலேயே சீயோன் தேவாலயத்தின் மூத்த போதகர் ரொஷான் மகேசன் பகிரங்கமாகப் பேசினார். எங்களுக்கு வலிக்கிறது, கோபமும் இருக்கிறது, இருந்தும் குண்டுதாரியையும் அவனை அனுப்பியவர்களையும் மன்னிக்கிறோம், நேசிக்கிறோம் என்பது அவர் சொன்னதன் சாரம். கோபம் இல்லை என்று அவர் பாசாங்கு செய்யவில்லை. அதனால்தான் அந்தச் சொல் உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது.

கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித்தின் பாதை வேறு மாதிரி. தாக்குதல் நடந்த அன்றே, பக்கச்சார்பற்ற விசாரணை நடத்திக் குற்றவாளிகளை இரக்கமின்றித் தண்டிக்கும்படி அரசாங்கத்தைக் கேட்டார். 2020 உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலியில், கிறிஸ்துவின் போதனையைத் தியானித்து, வழிதவறிய அந்த இளைஞர்களை மன்னித்தோம், அவர்கள்மேல் இரக்கப்பட்டோம் என்றார். அதன்பின் ஓய்ந்துவிடவுமில்லை. 2021 பெப்ரவரியில், தாக்குதலை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கை கையளிக்கப்பட்டது. பின்னணியில் இருந்தவர்கள் யார் என்ற கேள்விக்குப் பதில் வராததால் மார்ச்சில் கத்தோலிக்கர் கறுப்பு உடுத்துக் கோயிலுக்குப் போனார்கள். 2022இல் கர்தினால் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் முன்னும் பேசினார்.

மன்னித்தவர் ஏன் இன்னும் நீதி கேட்கிறார் என்று அப்போது சிலர் கேட்டார்கள். கேட்டவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. இந்த ஆய்வு அந்தக் கேள்விக்குத்தான் முதலில் முகம் கொடுக்க வேண்டும்.

புதிய ஏற்பாட்டில் இது பற்றி இரண்டு ஓட்டங்கள் இருக்கின்றன. மாற்கு 11ஆம் அதிகாரத்தில், ஜெபிக்க நிற்கிறவன் யார்மேலாவது மனக்குறை இருந்தால் அங்கேயே, அப்போதே மன்னிக்க வேண்டும். எதிராளி வந்து கேட்டானா, மனம் திரும்பினானா என்ற பேச்சே இல்லை. லூக்கா 17இல் இயேசு சொல்லும் ஒழுங்கு வேறு: சகோதரன் தவறு செய்தால் முதலில் கண்டிக்க வேண்டும், அவன் மனம் வருந்தினால் மன்னிக்க வேண்டும், ஒரே நாளில் ஏழு முறை வருந்தி வந்தாலும் ஏழு முறையும் மன்னிக்க வேண்டும். ஒன்றில் நிபந்தனை கிடையாது, மற்றதில் இருக்கிறது. இரண்டாயிரம் வருடமாக விளக்கவுரைகள் இந்த இடைவெளியில்தான் வாதாடி வருகின்றன.

மத்தேயு 18 இரண்டையும் ஒரே அதிகாரத்தில் வைக்கிறது. எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு கேட்பதும், பத்தாயிரம் தாலந்து கடன் தள்ளிவிடப்பட்ட ஊழியன் நூறு தெனாரியத்துக்காகச் சக ஊழியனின் கழுத்தைப் பிடிப்பதும் எல்லாருக்கும் தெரியும். அதற்குச் சற்று முன்னால் உள்ள பகுதியை நாங்கள் அவ்வளவாக வாசிப்பதில்லை. தவறு செய்தவனிடம் தனியே போய்ச் சொல். கேட்காவிட்டால் இரண்டொரு சாட்சிகளோடு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்று ஒரு விசாரணை முறையே அங்கே இருக்கிறது. உண்மையை வெளியே கொண்டுவருவதும் கணக்கில்லாமல் மன்னிப்பதும் ஒரே போதகரின் ஒரே உரையில் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று வாசிப்பதற்கு அந்த அதிகாரம் இடம் தரவில்லை.

சிலுவையில் இயேசு செய்ததையும் கவனிக்க வேண்டும். கொல்கிறவர்களைப் பார்த்து 'நான் உங்களை மன்னித்தேன்' என்று அவர் நேரே சொன்னதாக லூக்கா எழுதவில்லை. அவர்களுக்காகப் பிதாவிடம் வேண்டுகிறார். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த வசனமே இல்லை. இருந்தும் அப்போஸ்தலர் நடபடிகளில் கல்லெறிபட்டுச் சாகும் ஸ்தேவான் அதே மாதிரி வேண்டுகிறான், கொலைகாரர் யாரும் வருந்தாத நேரத்தில். தொடக்கத் திருச்சபை தன் முதல் இரத்தசாட்சியை இப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதே என்னை நிபந்தனையற்ற பக்கம் சாய்க்கிறது. மன்னிக்கும் மனம் எதிராளியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. காத்திருந்தால் செத்துப்போன குண்டுதாரியை, கட்டுவாப்பிட்டியில் பிள்ளையை இழந்த ஒரு தாய் ஒருபோதும் மன்னிக்க முடியாது. அவளுடைய உள்ளத்தின் சாவி அவனுடைய கல்லறைக்குள் கிடக்கும்.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆபிரிக்காவில் டொனாத்திஸ்து பிரிவினர் ஒரு கத்தோலிக்கக் குருவைக் கொன்றபோது, புனித அகுஸ்தீன் நடுவர் மார்செல்லினுக்கு எழுதிய கடிதத்தில், கொலையாளிகளுக்குக் கொலைத்தண்டனை கொடுக்க வேண்டாம் என்று கெஞ்சுகிறார். விட்டுவிடும்படி அவர் கேட்கவில்லை. குற்றம் நிரூபிக்கப்படட்டும், இனித் தீங்கு செய்யாதபடி அவர்கள் கட்டுப்படுத்தப்படட்டும், உடல் உறுப்புச் சிதையாமல் ஏதாவது பயனுள்ள வேலையில் அமர்த்தப்படட்டும் என்கிறார். பழிவாங்கலை நீக்கி, நீதியை வைத்துக்கொள்ளும் இந்த வழி பதினாறு நூற்றாண்டுகள் பழையது.

1726இல் வெளிவந்த பிரசங்கங்களில் ஆங்கிலிக்கரான ஜோசப் பட்லர், அநியாயத்தைக் கண்டு எழும் கோபம் கடவுள் தந்த இயல்பு என்றும், அது பகையாகவும் பழியாகவும் வளராமல் தடுப்பதே மன்னிப்பு என்றும் வாதித்தார். ஹிட்லரின் ஜெர்மனியில், 1937இல், டீட்ரிக் பொன்ஹோஃபர் எதிர்ப்பக்கத்திலிருந்து எச்சரித்தார். மனந்திரும்புதலைக் கேட்காமல் பாவமன்னிப்பை மட்டும் விநியோகிக்கும் சபை, கிருபையை மலிவாக்கிவிடுகிறது என்றார். இந்த இருவரையும் சேர்த்து வாசித்தால் ஒரு தெளிவு வருகிறது. பட்லர் பேசுவது காயப்பட்டவனின் மனத்தைப் பற்றி. பொன்ஹோஃபர் பேசுவது குற்றம் செய்தவன் கடவுளோடும் சபையோடும் மீண்டும் சேர்வதைப் பற்றி. முதலாவது நிபந்தனை இல்லாமல் நடக்கலாம், இரண்டாவது நடக்காது.

இந்தக் கரையின் சாதாரணக் கத்தோலிக்கருக்கு இது நூலறிவாக வர வேண்டியதில்லை. தலவில் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவருக்கு மனஸ்தாபம், அறிக்கை, பரிகாரம் மூன்றும் சேர்ந்ததே அந்தத் தேவதிரவிய அனுமானம் என்பது ஞானோபதேச வகுப்பிலேயே தெரியும். அடுத்தவன் வலையைக் களவெடுத்தவன் வலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாவம் மன்னிக்கப்பட்டது என்பதால் வலை இவனுடையதாகிவிடாது.

இந்தியாவில் நடந்த இரண்டு சம்பவங்கள் எங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானவை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் அவுஸ்திரேலிய ஊழியர் கிரஹாம் ஸ்டெயின்ஸ், 10 வயது பிலிப், 6 வயது தீமோத்தி ஆகிய தன் இரு மகன்களோடு வாகனத்துக்குள் வைத்து எரிக்கப்பட்டார். தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்த அவருடைய மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னித்ததாக அறிவித்தார். வழக்கு அதன் போக்கில் நடந்தது. தாரா சிங்குக்கு 2003இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மன்னிப்பு தன் கையில், தண்டனை சட்டத்தின் கையில் என்ற தெளிவு கிளாடிஸிடம் தொடக்கத்திலிருந்தே இருந்தது.

மற்றது 1995 பெப்ரவரியில் இந்தூர் பக்கம் பேருந்தில் குத்திக் கொல்லப்பட்ட கேரளக் கன்னியாஸ்திரி ராணி மரியாவின் கதை. அவருடைய தங்கையும் கன்னியாஸ்திரியுமான செல்மி பால், 2002இல் சிறைக்குப் போய்க் கொலையாளி சமந்தர் சிங்கின் கையில் ராக்கி கட்டித் தம்பியாக ஏற்றார். அவன் மனம் வருந்தியிருந்தான். 2006இல் விடுதலையானான், 2017 நவம்பர் 4இல் ராணி மரியா அருளாளராக அறிவிக்கப்பட்டபோது அந்த விழாவில் இருந்தான். உறவு முழுதாகத் திரும்பிய அரிய உதாரணம் இது. அதற்குப் பதினொரு வருடச் சிறையும் ஒருவனுடைய உண்மையான கண்ணீரும் தேவைப்பட்டன.

பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல், 1981 மே மாதம் சுடப்பட்ட நான்காம் நாளே மருத்துவமனையிலிருந்து, தன்னைச் சுட்ட மெஹ்மத் அலி அக்ஜாவை மன்னித்தார். 1983 டிசம்பரில் சிறைக்குள் போய்ச் சந்தித்தார். அக்ஜாவுக்கு இத்தாலி பொதுமன்னிப்பு வழங்கியது 2000இல்தான்.

ஆகவே கர்தினால் ரஞ்சித்திடம் முரண்பாடு தேடுபவர்கள் மன்னிப்பின் அளவைத் தவறாக விளங்கியிருக்கிறார்கள். 2023 ஜனவரி 12இல் இலங்கை உயர் நீதிமன்றம், முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாய் நட்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பொலிஸ், உளவு, பாதுகாப்புத் துறைகளின் அன்றைய தலைமைகளும் தத்தம் பங்குக்குக் கொடுக்க வேண்டும் என்றது. அந்த மாத முடிவில் சிறிசேன கத்தோலிக்க மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பிள்ளையை இழந்தவர் மனத்தளவில் அவரை மன்னிக்கலாம். அதற்காக, நட்டஈட்டைக் கேட்காமல் இருக்க வேண்டும், அல்லது இன்னும் வெளிவராத உண்மையைக் கேட்காமல் இருக்க வேண்டும் என்று எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை.

இதே குழப்பம் வீட்டுக்குள் வந்தால் இன்னும் கொடுமையாகிறது. கசிப்பு குடித்துவிட்டு அடிக்கும் புருஷனிடம், 'இயேசு மன்னிக்கவில்லையா, பொறுத்துப்போ பிள்ளை' என்று சொல்லி மனைவியைத் திருப்பி அனுப்புகிற மாமிமாரும் உபதேசிமாரும் எல்லாக் கரையிலும் இருக்கிறார்கள். அவள் ஏற்கெனவே அவனை மன்னித்திருக்கலாம், ஜெபமாலைக்கு ஜெபமாலை. மன்னித்தவள் கதவைப் பூட்டிக்கொள்ளக் கூடாது, பொலிஸில் முறைப்பாடு செய்யக் கூடாது என்பது கிறிஸ்தவப் போதனையே அல்ல. நிபந்தனையற்ற மன்னிப்பை நான் முழு மனதோடு நம்புவதாலேயே இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலவீனமானவரிடம் மட்டும் மன்னிப்பைக் கேட்டு வாங்கும் சபை, பலமுள்ளவனின் பாவத்தில் பங்காளியாகிறது.

உளவியலாளர்கள் சிலர் மன்னிக்கத் தீர்மானிப்பதையும் மனம் உண்மையில் ஆறுவதையும் இரண்டாகப் பிரிப்பார்கள். அமெரிக்கரான எவரெட் வர்த்திங்டன் இதை ஆராய்ந்தவர். 1996 புத்தாண்டையொட்டி அவருடைய தாயே வீட்டுக்குள் கொலையுண்டார். தீர்மானம் ஒரு நாளில் வரலாம், ஆறுதலுக்கு வருடங்கள் ஆகலாம். காயத்தை உணராமல் இருப்பதும் மறப்பதும் எங்கள் சக்திக்கு உட்பட்டதல்ல என்று கத்தோலிக்க மறைக்கல்வி ஏடும் ஒப்புக்கொள்கிறது. இன்னும் அழுகிறவரைப் பார்த்து நீ மன்னிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அடுத்தது, யார் மன்னிப்பது என்ற கேள்வி. யூத மரபு இதில் கறாரானது. மனிதனுக்கு எதிரான பிழையை, பாதிக்கப்பட்டவனைச் சமாதானப்படுத்தும்வரை பாவநிவாரண நாள்கூடத் தீர்க்காது. இஸ்லாத்தில், கொல்லப்பட்டவரின் வாரிசுகளுக்கே பழிக்குப் பழி கேட்கவும் விட்டுக்கொடுக்கவும் உரிமை உண்டு. விட்டுக்கொடுப்பது மேலானது என்று குர்ஆன் சொல்கிறது. புத்தளத்துக் கிறிஸ்தவர் தம் பக்கத்து வீட்டாரிடமிருந்தே கற்கக்கூடிய ஒன்று இது. தொலைக்காட்சியில் குண்டுவெடிப்பைப் பார்த்த நான், கட்டுவாப்பிட்டியத் தாயின் சார்பில் யாரையும் மன்னிக்க முடியாது. அவளுக்காக ஜெபிக்கலாம், அவள் பக்கத்தில் நிற்கலாம்.

யாரை மன்னிப்பது என்ற கேள்விக்குத்தான் இந்தக் கரை மிகத் தவறான பதிலைச் சொன்னது. குண்டுதாரிகள் முஸ்லிம் தீவிரவாதிகள் என்பதால் பழி அயலிலிருந்த முஸ்லிம்கள்மேல் விழுந்தது. 2019 மே 12, ஞாயிற்றுக்கிழமை. கொழும்பு உயர் மறைமாவட்டத்தில் தாக்குதலுக்குப் பின் முதல் தடவையாக ஞாயிறு திருப்பலிகள் மீண்டும் தொடங்கிய நாள். அதே நாளில் சிலாபத்தில், முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் இட்ட ஒரு முகநூல் வரி மிரட்டலாக விளங்கிக்கொள்ளப்பட்டு, பள்ளிவாசலும் முஸ்லிம் கடைகளும் கல்லெறிக்கு ஆளாயின. கல்லெறிந்தவர்களிடையே கிறிஸ்தவர்களும் இருந்ததாக அன்றைய செய்திகள் சொல்லின. ஊரடங்கு போடப்பட்டது. மறுநாள் வன்முறை குருநாகல், கம்பஹா மாவட்டங்களுக்கும் பரவியது. நாத்தாண்டியவுக்கு அருகே கொட்டாரமுல்லயில் ஒரு முஸ்லிம் தச்சுத் தொழிலாளி வெட்டிக் கொல்லப்பட்டார்.

அவர் எதையும் செய்யவில்லை. சிலாபத்துக் கடைக்காரரும் கட்டுவாப்பிட்டியில் குண்டு வைக்கவில்லை. புத்தளம் மாவட்டத்தின் வண்ணாத்திவில்லில் அந்த ஜனவரியிலேயே வெடிமருந்துக் குவியலைப் பொலிஸார் கண்டெடுத்திருந்தார்கள். அதைத் தொடர்ந்து போகாமல் விட்ட பிழை கொழும்பில் இருந்தது, புத்தளத்துத் தேநீர்க் கடைகளில் இல்லை. அந்த நாட்களில், 'நாங்கள் முஸ்லிம்களை மன்னித்துவிட்டோம்' என்று நல்ல மனத்தோடு சொன்ன கிறிஸ்தவர்களும் உண்டு. அந்த நல்ல மனத்தை மதிக்கிறேன். ஆனாலும் குற்றம் செய்யாதவரை மன்னிப்பதாகச் சொல்வது, அவர்மேல் குற்றத்தை ஏற்றுவதாகிறது. அயலாருக்குத் தேவைப்பட்டது மன்னிப்பு அல்ல, நீங்கள் இதில் இல்லை என்று எங்களுக்குத் தெரியும் என்ற ஒரு சொல்.

அந்தச் சொல் சொல்லப்படாததன் விலை தொடர்ந்து ஏறியது. மன்னாரைச் சேர்ந்த, புத்தளத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம், 'நவரசம்' என்ற தன் தமிழ்க் கவிதைத் தொகுப்பைக் காரணம் காட்டி 2020 மேயில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களின் வரிசையில் அரசு முதலாவது. தீவிரவாதி பிடிபட்டான் என்று அன்று மகிழ்ந்த எங்களில் பலரும் அதற்குப் பின்னால் நிற்க வேண்டும்.

மன்னிப்பது பற்றிய கிறிஸ்தவ எழுத்து ஏராளம்; கேட்பது பற்றி மிகக் குறைவு. தமிழ் பேசும் கிறிஸ்தவருக்கு இந்தக் கரையில் அது இன்னும் பழைய கணக்கு. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும், ஏறத்தாழ 75,000 பேரை, வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் சில மணித்தியாலங்கள். மன்னார் தீவிலிருந்து பலர் கடல் வழியே படகுகளில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள்; பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தின் கிடுகுக் கொட்டில் முகாம்களில் ஒரு தலைமுறையையே கழித்தார்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் புலிகளின் சார்பில் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்தை அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். கிறிஸ்தவத் தமிழர்களான நாங்கள் அந்த 1990இல் என்ன செய்தோம்? பயந்திருந்தோம் என்பது உண்மை. பக்கத்து வீடு இரண்டு மணி நேரத்தில் காலியானதைப் பார்த்துக்கொண்டு நின்றோம் என்பதும் உண்மை.

இன்னும் பின்னால் போனால், சிலாபத்துக்கு அருகே முன்னேஸ்வரம் கோயிலை 1578இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். எங்களை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்த அதே ஆட்சி அது. 2000 மார்ச் 12இல் இரண்டாம் யோவான் பவுல் பேதுரு பேராலயத்தில் நின்று, திருச்சபையின் பிள்ளைகள் பிற மதத்தவருக்கு எதிராகச் செய்த பாவங்களுக்காகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டார். ரோமாபுரியில் கேட்டது முன்னேஸ்வரத்தின் வாசல்வரை வந்து சேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் இறந்த 167 கத்தோலிக்கர்களின் பெயர்கள் விசுவாசத்தின் சாட்சிகளாக வத்திக்கானின் பதிவில் சேர்க்கப்பட்டிருப்பதாக 2025 ஏப்ரல் 21இல் கர்தினால் அறிவித்தார். அவர்களை இரத்தசாட்சிகள் என்று வணங்குவோமானால், ஸ்தேவானின் வழியையும் சேர்த்தே ஏற்கிறோம். சிலாபம் மறைமாவட்டம் ஒவ்வொரு ஏப்ரலும் அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்போது, விசுவாசிகள் மன்றாட்டில் 2019 மே 13இல் கொட்டாரமுல்லயில் கொல்லப்பட்ட அந்தத் தச்சருக்காகவும் ஒரு மன்றாட்டுச் சேர வேண்டும். அதோடு நிற்காமல், பங்குச் சபையார் நாலு பேர் அந்த மே மாதத்தில் அவருடைய குடும்பத்தைத் தேடிப் போய், எங்கள் மதத்தின் துயரத்தைச் சாட்டாக வைத்து உங்களுக்கு நடந்ததற்கு எங்களை மன்னியுங்கள் என்று கேட்க வேண்டும். அவர்கள் மன்னிப்பார்களா, மறுப்பார்களா என்பது அவர்களுடைய உரிமை.